டெல்லியில் மூன்று ஆண்டு வரலாறு படித்தேன்: போகும் முன் யாராவது சொல்லியிருக்கலாம்

எங்கள் ஊர் திருப்புவனத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கீழடிக்கு சைக்கிளிலேயே போய்விடலாம். அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் படித்தேன். பிளஸ் டூவில் வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் எடுத்து 1200க்கு 1131 வாங்கினேன். பள்ளி வரலாற்று ஆசிரியர்தான் டெல்லிப் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொன்னார். நாட்டிலேயே வரலாறு படிக்கச் சிறந்த இடங்களில் அது ஒன்று, கல்விக் கட்டணமும் நம்மால் கட்டக்கூடியதுதான், நான்கு பாடங்களின் சராசரியை வைத்துத்தான் இடம் தருகிறார்கள், உனக்குக் கிடைத்துவிடும் என்றார். அவர் சொன்ன எல்லாமே உண்மை. 2016இல் வடக்கு வளாகத்தில் பெயர்பெற்ற ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு ஆனர்ஸ் கிடைத்தது. அங்கே போன பிறகு என்ன நடக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர் எங்கள் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அந்த முதல் ஆண்டை நான் தனியாகத் தாண்டினேன். இனி போகிற பிள்ளைகளுக்கு அந்த நிலை வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்போது கட்ஆஃப் பட்டியல் வெளியான சில நாட்களுக்குள் நேரில் போய்ச் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும். அதனால் பட்டியல் வருவதற்கு முன்பே நானும் தாய்மாமாவும் மதுரையில் சம்பர்க் கிராந்தி ஏறிவிட்டோம். சேர்க்கை முடிந்தது. விடுதிக்குத் தனி விண்ணப்பம் உண்டு, அதற்குத் தனிக் கடைசி நாள் உண்டு என்பது எங்களுக்குத் தெரியாது. இடம் கிடைத்தால் விடுதியும் கிடைத்துவிடும் என்று நினைத்திருந்தோம். தெரிந்துகொண்டபோது நாள் கடந்திருந்தது. பல்கலைக்கழக மெட்ரோ நிலையத்தின் வாசலில் நின்ற புரோக்கர் ஒருவர் விஜய் நகரில் ஒரு பி.ஜி.யை, அதாவது மாத வாடகைக்குப் பிள்ளைகள் தங்கும் வீட்டைக் காட்டினார். மூன்று பேர் தங்கும் அறை, சாப்பாட்டோடு மாதம் 8,500 ரூபாய், அதே அளவு டெபாசிட். இரவு எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தோம், பிடித்திருந்தது, பணத்தைக் கையில் கொடுத்துவிட்டோம். மாமா ரசீது கேட்டார். உரிமையாளர் அம்மாள் சிரித்துக்கொண்டே, பெண்பிள்ளைகள் தங்கும் வீட்டில் இதெல்லாம் எதற்கு என்றார். மாமாவுக்கு இந்தி தெரியாது, எனக்கும் தெரியாது. அதற்கு மேல் பேச முடியவில்லை. மறுநாள் பகலில் பார்த்தபோதுதான் அறைக்கு ஜன்னலே இல்லை என்பது தெரிந்தது. அடுத்த மே மாதம் காலி செய்தபோது, ஒரு மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்கவில்லை என்று சொல்லி டெபாசிட்டைத் தரவில்லை. கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாத நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

எனவே அறையைப் பகலில் பாருங்கள். டெபாசிட்டை வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள். ரசீது கேட்டு வாங்க முடியாவிட்டாலும் கணக்கில் பதிவு இருக்கும். கோடை விடுமுறை மாதங்களுக்கும் வாடகை கேட்பார்களா, மின்கட்டணம் தனியா, எத்தனை நாள் முன்பு சொல்லிக் காலி செய்ய வேண்டும் ஆகிய மூன்றையும் முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், கல்லூரி விண்ணப்பம் போடும்போதே விடுதி விண்ணப்பம் எப்போது வருகிறது என்று கல்லூரி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசிக் கேளுங்கள். கம்பளியும் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வையும் இங்கிருந்து சுமந்து போகாதீர்கள். அந்தக் குளிருக்கு நம் ஊர்ப் போர்வை ஆகாது. அக்டோபர் கடைசியில் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

பணம் போனதைவிட என்னை உடைத்தது வகுப்பறைதான். பள்ளியில் நான் படித்த வரலாறு வேறு. ஹரப்பாவின் நகர அமைப்பு என்றால் தெருக்கள், வடிகால், பெருங்குளம், தானியக் களஞ்சியம் என்று வரிசையாக எழுதுவேன், முழு மதிப்பெண் கிடைக்கும். இங்கே முதல் வாரமே ஆசிரியர், அது தானியக் களஞ்சியம்தான் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்று கேட்டார். நான் திகைத்துப்போனேன். புத்தகத்தில் அச்சாகியிருப்பதைக் கேள்வி கேட்கலாம் என்பதே எனக்குப் புதிது. சுற்றி இருந்தவர்கள் டெல்லி, கொல்கத்தா, லக்னோவின் பெரிய பள்ளிகளில் படித்தவர்கள். தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அப்படிச் சொன்னார், பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள் என்று சரளமான ஆங்கிலத்தில் பேசினார்கள். மூன்று மாதம் நான் வகுப்பில் வாய் திறக்கவில்லை. என் உச்சரிப்பைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை, ஆனாலும் சிரித்துவிடுவார்களோ என்ற பயமே போதுமானதாக இருந்தது. தேர்வை ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் எழுதலாம். பக்கத்து பெஞ்சில் பீகாரிலிருந்து வந்த மாணவி தன் மொழியில் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏக்கமாக இருந்தது.

ஒவ்வொரு தாளுக்கும் வாசிப்புப் பட்டியல் ஒன்று தருவார்கள். 'ரீடிங்ஸ்' என்பார்கள். ஒரு தாளுக்கே இருபது, முப்பது கட்டுரைகளும் நூல் அத்தியாயங்களும் இருக்கும். பட்டியலில் இருப்பதையெல்லாம் வாங்க வேண்டும் என்று நினைத்து, முதல் மாதமே கமலா நகர் கடைகளில் 4,600 ரூபாய்க்குப் புதுப் புத்தகங்கள் வாங்கினேன். அவற்றில் பாதியை மூன்று ஆண்டுகளில் திறக்கவே இல்லை. உண்மையில் அங்கே எல்லாரும் ஜெராக்ஸ் தொகுப்பில்தான் படிக்கிறார்கள். டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் இருக்கும் ராமேஸ்வரி போட்டோகாப்பி கடைமீது மூன்று பெரிய பதிப்பகங்கள் 2012இல் பதிப்புரிமை வழக்குப் போட்டிருந்தன. நான் சேர்ந்த அதே ஆண்டு செப்டம்பரில், படிப்புக்காக இப்படிப் பகுதிகளைப் படியெடுத்துத் தருவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வளாகத்தில் மாணவர்கள் இனிப்புக் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். அது எதற்கு என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. புத்தகம் வாங்குவதற்கு முன் சீனியர்களிடம் கேளுங்கள். பழைய தொகுப்பைப் பாதி விலைக்குத் தருவார்கள், சிலர் சும்மாவே தருவார்கள். நூலகத்தில் எடுக்க முடிகிற எதையும் விலை கொடுத்து வாங்காதீர்கள்.

ஆங்கிலம்தான் என் பிரச்சினை என்று நானே முடிவு செய்து, முகர்ஜி நகரில் ஓர் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நிலையத்தில் 7,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். அம்மாவின் தோட்டை அடகு வைத்து வந்த பணம் அது. நேர்முகத் தேர்வில் எப்படி அறிமுகம் செய்துகொள்வது, தொலைபேசியில் எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொடுத்தார்கள். தினமும் இரண்டு மணி நேரம் போனது. எனக்குத் தேவைப்பட்டதோ ஒரு கட்டுரையாளர் என்ன வாதிடுகிறார் என்பதை நாலு வாக்கியத்தில் எழுதும் ஆங்கிலம். அதை எந்தப் பேச்சுப் பயிற்சியும் தராது. கல்லூரியிலேயே டியூட்டோரியல் என்று சிறு குழு வகுப்பு இருந்தது. எழுதிக் கொண்டுபோனால் ஆசிரியர் திருத்தித் தருவார். கூச்சத்தில் அதற்குப் போகாமல் இருந்துவிட்டு, வெளியே பணம் கட்டினேன். இதை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

அக்டோபரில் பண்டைத் தமிழகம் பற்றிய பகுதி வந்தது. முதல் செமஸ்டர் இந்திய வரலாற்றுத் தாளில் கி.மு. 300 முதல் கி.பி. 300 வரையான தமிழகத்துக்குத் தனி இடம் உண்டு. என் நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன். முதன்முறையாகக் கை உயர்த்தி, மதுரைக்காஞ்சியில் அல்லங்காடி என்ற இரவுச் சந்தையும் நாளங்காடி என்ற பகல் சந்தையும் வருகின்றன, எங்கள் ஊர்ப் பக்கம் கீழடியில் செங்கல் கட்டடங்கள் கிடைத்திருக்கின்றன, எனவே அங்கே நகரம் இருந்தது என்றேன். ஆசிரியர் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டார். பிறகு, "பாட்டு பாடப்பட்ட காலம், அது தொகுக்கப்பட்ட காலம், நம் கைக்கு வந்த சுவடியின் காலம், மூன்றும் ஒன்றா? கட்டடம் எந்த மண்ணடுக்கில் கிடைத்தது? அந்த அடுக்கின் காலத்தை எப்படிக் கணித்தார்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் என் ஊரையும் என் மொழியையும் நம்பவில்லை என்று எனக்குப் பட்டது. அறைக்கு வந்து போர்வைக்குள் அழுதேன். அம்மாவிடம் தொலைபேசியில் ஜலதோஷம் என்று சொன்னேன்.

அந்தக் கேள்விகள் என்னை மட்டம் தட்டக் கேட்டவை அல்ல என்பது புரிய இரண்டு வாரம் ஆனது. அதே ஆசிரியர் ரிக் வேதத்துக்கும் இதே கேள்வியைக் கேட்டார். அர்த்தசாஸ்திரத்துக்கும் கேட்டார். அங்கே மரியாதை என்பதே கேள்வி கேட்பதுதான். அந்தத் தாளின் அசைன்மென்டுக்கு நான் தமிழகத்தையே எடுத்துக்கொண்டேன். பாட்டை மட்டும் நம்பாமல், நெடுஞ்செழியன் பெயர் வரும் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் உள்ள மாங்குளம் கல்வெட்டு, 1945இல் வீலர் தோண்டிய அரிக்கமேடு, ரோமானியக் காசுகள் என்று ஒவ்வொன்றும் தனியாக என்ன சொல்கிறது, எங்கே ஒன்றோடொன்று ஒத்துப்போகிறது என்று எழுதினேன். பத்துக்கு எட்டு கிடைத்தது. அந்த ஒரு தாளில் வழி தெரிந்துவிட்டது. மற்றத் தாள்களில் இன்னும் பழைய பிள்ளையாகவே இருந்தேன்.

பிறகு நவம்பர் வந்தது. தீபாவளி முடிந்த கையோடு டெல்லியைப் புகைமூட்டம் மூடியது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். மூச்சு இழுத்தால் நெஞ்சுக்குள் கரி மணக்கும். எட்டாம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். பி.ஜி. வாடகையைப் பத்தாம் தேதிக்குள் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். அப்பா கணக்கில் பணம் போட்டிருந்தார், ஆனால் எடுக்க முடியவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் ஏ.டி.எம். வரிசையில் நிற்பேன். முறை வந்தால் 2,000 ரூபாய் கிடைக்கும், வருவதற்குள் இயந்திரம் காலியானால் வெறுங்கையோடு திரும்புவேன். தாமதத்துக்கு ஒரு நாளைக்கு நூறு ரூபாய் என்று உரிமையாளர் அம்மாள் கணக்கு எழுதினார். தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது ஒன்பது காலைகள் எனக்கு இப்படிப் போயின. நடுவில் காய்ச்சல் வேறு. இதே நாட்களில்தான் மத்திய அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நாளையும் தவறவிட்டேன். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த, குடும்ப வருமானம் குறைந்த மாணவர்களுக்கு அப்போது ஆண்டுக்கு 10,000 ரூபாய் தந்தார்கள். இப்போது அது 12,000. பட்டப் படிப்பின் முதல் ஆண்டில் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிந்தால்தான் உண்டு, பின்னர் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம். முதல் ஆண்டை விட்டதால் மூன்று ஆண்டுப் பணமான 30,000 ரூபாயும் போனது. கல்லூரி அறிவிப்புப் பலகையில் அது ஒட்டியிருந்தது, நான் படிக்கவில்லை. சேர்ந்த வாரமே வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தளத்தில் பதிந்துவிடுங்கள்.

தேர்வுகளில் உலக வரலாற்றுத் தாள்தான் என்னைக் கவிழ்த்தது. மூன்று மணி நேரம், 75 மதிப்பெண், ஏதாவது நான்கு கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். ஒரு விடைக்கு 45 நிமிடம் என்று யார் கணக்குப் போட்டாலும் வரும். நான் போடவில்லை. தொல்லியலாளர் கோர்டன் சைல்டின் 'நகரப் புரட்சி' என்ற கருத்து மெசொப்பொத்தேமிய நகரங்களை எந்த அளவுக்கு விளக்குகிறது என்பது போன்ற ஒரு கேள்வி. எனக்கு 'ஊர்', 'ஊருக்' என்ற அந்நாட்டு நகரங்களின் பெயர் தெரியும், சிகுராட் என்ற அடுக்குக் கோயில் தெரியும், ஆப்பெழுத்து தெரியும். எல்லாவற்றையும் எட்டுப் பக்கம் கொட்டினேன். சைல்ட் என்ன சொன்னார் என்பது முதல் பத்தியில் ஒரே வரியில் முடிந்துவிட்டது. அதற்கே எண்பது நிமிடம் ஆனது. இரண்டாவது விடைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். மூன்றாவதை அரை மணியில் முடித்தேன். நான்காவதில் ஏழு வரி எழுதும்போது மணி அடித்துவிட்டது. வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்தபோது விரல்கள் மடங்கவே இல்லை.

முடிவு வந்த நாளில் அந்தத் தாளுக்கு நேராக 'இ.ஆர்.' என்று இருந்தது. தேர்ச்சி இல்லை, கட்டாயம் திரும்ப எழுத வேண்டும் என்று பொருள். முதல் செமஸ்டர் தாளை உடனே எழுத முடியாது. அடுத்த மூன்றாம் செமஸ்டர் தேர்வு வரும்போதுதான், அந்தச் செமஸ்டரின் தாள்களோடு சேர்த்து எழுத வேண்டும். வாழ்க்கையில் நான் எதிலும் தோற்றதில்லை. ஊரில் என் படத்தோடு பிளக்ஸ் வைத்திருந்தார்கள். ஒன்றரை மாதம் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வாரம் வகுப்புக்கே போகவில்லை. வருகைப்பதிவு 66.67 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வே எழுத முடியாது, இன்டர்னல் 25 மதிப்பெண்ணில் வருகைக்கும் பங்கு உண்டு என்பதெல்லாம் தெரிந்தும் போகவில்லை. அந்த நாட்களைப் பற்றி விரிவாக எழுத என்னால் முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: மறைத்துவைத்த அந்த ஆறு வாரம், தோற்றதைவிட அதிகக் கெடுதல் செய்தது.

எங்கள் துறையில் இரண்டாம் ஆண்டு படித்த கோட்டயத்துச் சேச்சி ஒருவர்தான் அறைக்குத் தேடி வந்தார். நான் மதிப்பெண் பட்டியலைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, முதலில் வீட்டுக்குப் போன் செய் என்றார். அப்பா மதுரையில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். "ஒரு பேப்பர் போய்விட்டது அப்பா" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "திரும்ப எழுத விடுவார்களா?" என்று கேட்டார். விடுவார்கள் என்றேன். "வழியில் ஒரு டயர் வெடித்ததற்காக யாராவது லோடைத் திருப்பிக் கொண்டுவருவார்களா? மாற்றிக்கொண்டு போ" என்றார். அவ்வளவுதான் பேசினார். நான் ஆறு வாரமாக என்னென்னவோ கற்பனை செய்துவைத்திருந்தேன்.

அன்று மாலை சேச்சி எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். வாசிக்கத் தெரிந்துதான் கல்லூரிக்கு வந்திருக்கிறோம் என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. நான் ஒரு கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அகராதியோடு படித்து, எல்லாவற்றையும் அடிக்கோடிட்டுக்கொண்டிருந்தேன். முப்பது பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகும், முடித்ததும் எதுவும் நினைவில் இருக்காது. அவர் முதலில் அறிமுகத்தையும் முடிவுரையையும் படிக்கச் சொன்னார். அடுத்து ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியம். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு ஒரே பக்கத்தில் நான்கு கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார்? யாரை மறுத்து எழுதுகிறார்? எந்தச் சான்றை வைத்துப் பேசுகிறார்? அந்தச் சான்றில் விடுபட்டுப்போவது எது? விடை வராத இடத்துக்காக மட்டும் கட்டுரைக்குள் திரும்பப் போக வேண்டும். நான் தோற்ற அந்தக் கேள்வியையே எடுத்துச் செய்து பார்த்தோம். சைல்ட் 1950இல் எழுதினார். உணவு உபரி வந்ததால் வேளாண்மை செய்யாத கைவினைஞரும் குருமாரும் ஆட்சியாளரும் ஓரிடத்தில் வாழ முடிந்தது என்றார். நகரத்துக்குப் பத்து அடையாளங்களைப் பட்டியலிட்டார். பெரிய நீர்ப்பாசனத்தை நிர்வகிக்கத்தான் அரசு தோன்றியது என்று விட்ஃபோகல் 1957இல் வாதிட்டார். ஈராக்கில் பழைய குடியிருப்புகளையும் வாய்க்கால் தடங்களையும் நிலத்தில் நடந்து ஆய்வு செய்த ராபர்ட் ஆடம்ஸ், தொடக்ககாலப் பாசனம் சிறு அளவிலேயே இருந்தது, அரசுக்கு அது காரணமாக இருக்க முடியாது என்றார். இவ்வளவுதான். இதை வரிசைப்படுத்தி, எது எனக்குச் சரியாகப் படுகிறது, ஏன் என்று எழுதினால் நாலு பக்கத்தில் விடை முடிந்துவிடுகிறது. நகரங்களின் பெயர்கள் நடுவில் சான்றாக வந்து நிற்கும், அவ்வளவே. ஒரு குயர் நோட்டு வாங்கி, ஒரு கட்டுரைக்கு ஒரு பக்கம் என்று அன்றே தொடங்கினேன்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலக் கட்டுரைக்குள் நேராகக் குதிக்காதீர்கள். வரலாற்றாசிரியர் கோசாம்பி தமிழில் கிடைக்கிறார், நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு தமிழில் கிடைக்கிறது. நடந்தது என்ன என்பதைத் தமிழில் தெரிந்துகொண்டு போனால், ஆங்கிலத்தில் வாதத்தை மட்டும் பிடித்தால் போதும். அடுத்து ஒரு பொதுநூல் வேண்டும். பண்டைய இந்தியாவுக்கு உபிந்தர் சிங்கின் பெரிய நூல் போதுமானது. அதில் அந்த அத்தியாயத்தைப் படித்த பிறகு தனிக் கட்டுரைகளுக்குப் போகலாம். தினமும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி, வாரம் ஒருமுறை டியூட்டோரியலில் ஆசிரியரிடம் காட்டினேன். முதல் தாள் சிவப்பு மையில் மூழ்கித் திரும்பி வந்தது. பிழைகளை எண்ணிக்கொண்டே வந்தேன். ஏப்ரலில் பாதியாகக் குறைந்திருந்தது. வீட்டில் கடிகாரம் வைத்து 45 நிமிடத்தில் ஒரு விடை எழுதிப் பழகுங்கள், தேர்வு மாதத்தில் அல்ல, செப்டம்பரிலேயே.

இரண்டாம் ஆண்டு சேச்சியோடும் இன்னொரு பெண்ணோடும் சேர்ந்து ஒரு வீட்டின் மாடியறையை எடுத்தோம். ஜன்னல் இருந்தது, சமைத்துக்கொண்டோம், செலவும் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கரோல் பாக் போய் இட்லி அரிசியும் நல்லெண்ணெயும் வாங்கி வருவோம். வளாகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ரிட்ஜ் காட்டுக்கு ஒரு நாள் நடந்து போனோம். அங்கே ஓர் அசோகர் தூண் நிற்கிறது. மீரட்டில் இருந்ததை ஃபிரோஸ் ஷா துக்ளக் டெல்லிக்குக் கொண்டுவந்தார். பின்னர் வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததில் ஐந்து துண்டாயிற்று, 1867இல் ஒட்டி நிறுத்தினார்கள். ஒட்டிய கோடுகள் தூணில் தெளிவாகத் தெரிகின்றன. ஓராண்டாக அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு அசோகரை ஜெராக்ஸில் மட்டும் படித்திருக்கிறேன். டெல்லியில் வரலாறு படிக்கிறவர்கள் மாதம் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். மெஹ்ரௌலி, துக்ளகாபாத், தேசிய அருங்காட்சியகம் எல்லாம் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் போகும் தூரம்தான்.

மூன்றாம் செமஸ்டரில் கி.பி. 750 முதல் 1206 வரையான இந்திய வரலாறு வந்தது. இந்தியாவில் நிலப்பிரபுத்துவம் இருந்ததா என்ற பெரிய விவாதம் அதில் உண்டு. இருந்தது என்று 1965இல் ஆர்.எஸ். சர்மா எழுதினார். 1981இல் ஹர்பன்ஸ் முகியா மறுத்தார். சோழ அரசைப் பற்றித் தனிச் சண்டையே உண்டு. நீலகண்ட சாஸ்திரி அதை வலுவான மைய ஆட்சி என்று கண்டார். பர்ட்டன் ஸ்டெயின் 1980இல் அதை மறுத்து, நாடுகள் எனப்பட்ட சிறு வட்டாரங்கள் தனித்தனியாக இயங்கின, மன்னனின் அதிகாரம் பெரும்பாலும் சடங்கு சார்ந்தது என்றார். ஆய்வாளர்கள் கராஷிமாவும் சுப்பராயலுவும் கல்வெட்டுகளை எண்ணிக் கணக்கிட்டு இன்னொரு விதமாகப் பதில் சொன்னார்கள். நூலகத்தில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியை எடுத்து வைத்தேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அதில் இருக்கின்றன. பழுப்பேறிய தாளில் தமிழ் எழுத்து. "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொல்வது அப்படியே இருந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த நாலு பேரும் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, நான் அதை வாய்விட்டு வாசித்தேன். அக்கன் என்றால் அக்கா குந்தவை என்று சொன்னேன். திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். 'மற்றும் குடுத்தார்' என்பவர்கள் யார் யார் என்று பார்த்தால் ஸ்டெயினுக்கு என்ன பதில் சொல்லலாம் என்று அன்று இரவு எட்டு மணிவரை பேசிக்கொண்டிருந்தோம். இதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்தேன் என்று எனக்குத் தோன்றிய முதல் நாள் அது. உங்கள் மொழியை மறைத்துக்கொண்டு போகாதீர்கள். தென்னிந்திய வரலாற்றில் மூலத்தை நேராகப் படிக்கத் தெரிந்தவர் அந்த வகுப்பில் அநேகமாக நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

அந்த டிசம்பரில் மற்றத் தாள்களோடு உலக வரலாற்றையும் திரும்ப எழுதினேன். நான்கு விடையையும் முடித்து ஆறு நிமிடம் மிச்சம் இருந்தது. 2019இல் முதல் வகுப்பில் தேறி, எம்.ஏ.வையும் அங்கேயே படித்தேன். டெபாசிட், பயிற்சி நிலையம், அவசரப்பட்டு வாங்கிய புத்தகங்கள், உதவித்தொகை என்று கூட்டினால் முதல் ஆண்டில் செய்த தவறுகளால் மட்டும் 50,600 ரூபாய் போயிருக்கிறது. அப்பாவுக்கு அது கிட்டத்தட்ட மூன்று மாதச் சம்பளம்.

இப்போது முறைகள் மாறிவிட்டன. 2022 முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணால் இடம் கிடைப்பதில்லை, கியூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதைத் தமிழிலும் எழுதலாம். வரலாற்றுக் கேள்விகள் என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஒட்டியே வரும் என்பதால், மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் அந்தப் பாடநூலின் மூன்று பகுதிகளையும் தனியாகப் படித்தே ஆக வேண்டும். பட்டப் படிப்பிலும் நான்காம் ஆண்டு சேர்ந்திருக்கிறது. தேர்வைத் தமிழில் எழுதி உள்ளே போனாலும் வகுப்பு ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதை மனதில் வைத்து, இடம் உறுதியான நாளிலிருந்து வகுப்பு தொடங்கும் நாள்வரை தினம் ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள். வரலாறு படித்து என்ன செய்யப் போகிறாய் என்று வீட்டில் கேட்பார்கள். என்னோடு படித்தவர்களில் குடிமைப் பணித் தேர்வுக்குப் போனவர்கள் உண்டு, சட்டம் படிக்கப் போனவர்கள், பள்ளி ஆசிரியர் ஆனவர்கள், ஆவணக் காப்பகத்தில் வேலை பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் முதல் ஆண்டே ஐ.ஏ.எஸ். பயிற்சிக்கும் பணம் கட்டிவிட்டு இரண்டையும் கோட்டைவிட்டவர்களையும் பார்த்தேன். அதற்கு மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு நேரம் இருக்கிறது.

எங்கள் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண்ணுக்கு இந்த ஆண்டு அங்கே இடம் கிடைத்திருக்கிறது. போன வாரம் அவளும் அவள் அம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். விடுதி விண்ணப்பத்தை என் எதிரிலேயே போடவைத்தேன். என் குயர் நோட்டைக் கேட்டாள். கொடுக்கவில்லை, காட்டினேன். புது நோட்டு ஒன்று வாங்கி வந்திருந்தேன், அதை அவளிடம் கொடுத்து, உபிந்தர் சிங் நூலின் முதல் அத்தியாயத்துக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.